பெயர் போடாத இசைத்தட்டு

நாற்பது வருஷம் டிரம் வாசித்தவனிடம் வந்து, "நீங்க வாசிச்சதுலயே பெரிய பாடகர் யாரு?" என்று கேட்கிறவர்கள் ஒரு பெரிய பெயரைத்தான் எதிர்பார்ப்பார்கள். சென்ற மாதம் ஒரு கல்யாண வரவேற்பில் மெல்லிசைக் குழு நடத்தும் இருவர் என்னைக் கண்டுபிடித்து அப்படித்தான் கேட்டார்கள். நான் "ரோசாலி" என்றேன்.

"சினிமாவுல பாடினவங்களா?"

"இல்ல."

"ரேடியோவுல?"

"அதுவும் இல்ல. அரியாங்குப்பத்துல ஒரு ஆலை மேனேஜர் வூட்ல துணி தேச்சிக்கிட்டு இருந்தா."

மரியாதை தெரிந்தவர்கள், சிரிக்கவில்லை. அன்று அந்த மேடையில் ஒரு பெண் மைக்கை உதட்டோடு வைத்துக்கொண்டு கிசுகிசுப்பது போலப் பாடினாள். கடைசி வரிசையில் பாயசம் குடித்துக்கொண்டிருந்தவனுக்கும் அவள் மூச்சு கேட்டது. ரோசாலிக்கு அப்படி ஒரு மைக் வாழ்க்கையில் ஒரே ஒரு நாள், ஏறக்குறைய மூன்று நிமிஷம் கிடைத்தது. அந்த மூன்று நிமிஷத்தில் நானும் இருந்தேன். அதைத்தான் எழுதுகிறேன். எனக்குப் பெருமை சேர்க்கிற கதை இல்லை.

நான் கிருமாம்பாக்கத்து விவசாயி மகன். பத்தொன்பது வயதில் நடவு வேலையை விட்டு ஓடி, புதுச்சேரியில் முசே லெயோன் நடத்திய பாண்டு கோஷ்டியில் சேர்ந்தேன். இரண்டு வருஷம் அவர் என்னை டிரம்மைத் தொட விடவில்லை. ஒரு உமி மூட்டையை எதிரே வைத்து அதில் அடிக்கச் சொன்னார். உமியில் சத்தம் வராது. கை எங்கே பிசகுகிறது என்பது அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். மூன்றாம் வருஷம் டிரம் முன்னால் உட்கார்ந்தேன். பயிற்சி என்று சொல்ல அவ்வளவுதான்.

முசே என்றால் பிரெஞ்சில் ஐயா; இந்த முசே லெயோன் பட்டாளத்து பாண்டில் இருந்து ஓய்வு பெற்றவர். தகப்பன் வழி பிரெஞ்சு ரத்தம், தாய் வழி நம்ம ஊர். தமிழை நம்மைப் போலவே பேசுவார். சாதாரணமாக இருந்தால் "டேய் முருகேசா" என்பார். கோபம் வந்தால் மரியாதை வந்துவிடும். "முருகேசன் அவர்களே, தங்களுக்கு எங்காவது அவசரமாகப் போக வேண்டியிருக்கிறதா?" என்றால், நான் தாளத்தை ஓட்டிவிட்டேன் என்று அர்த்தம். ஒரே வாரத்தில் மூன்று முறை 'அவர்களே' வாங்கியவனை அடுத்த வாரம் கோஷ்டியில் பார்க்க முடியாது. அவருக்கு ஒரே ஒரு சட்டம். "தாளம் யாருக்காகவும் நிக்காது. வாசிக்கிறவன் மயங்கி வுழுந்தாலும் மத்தவங்க நிறுத்தக் கூடாது." இதை அவர் கத்திச் சொன்னதில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வார்.

நாங்கள் வாசித்தது நடன இசை. வால்ஸ், டாங்கோ, ஃபாக்ஸ்டிராட். கப்பலில் வந்த நோட்டுகளிலிருந்து ஜாஸ் என்று புதிதாக ஒன்றையும் பழகிக்கொண்டிருந்தோம். டவுனில் பெரிய வீட்டு விருந்துகள், பிரெஞ்சுத் தேசிய விழாவான ஜூலை பதினாலுக்கு வில்லியனூர், பாகூர் மேரிகளின், அதாவது நகரசபைக் கட்டடங்களின், எதிரே கொட்டகை போட்டு வாசிப்பு. பாடுவதற்கு மதாம் ஓர்தான்ஸ் இருந்தார். அவர் வாயைத் திறந்தால் தெருக்கோடி வரைக்கும் போகும். மைக் இல்லாத காலத்தில் அதுதான் குரல். குறைந்த குரல்காரர்கள் தகரப் புனலை வாயில் வைத்துக்கொண்டு பாட வேண்டும்.

ரோசாலி பூரணாங்குப்பத்துக் கூலிக்காரக் குடும்பத்துப் பெண். மேனேஜர் வீட்டு ஹாலில் கிராமபோன் ஓடும்போதெல்லாம் அடுத்த அறையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள். அங்கே ஒரு விருந்தில் மதாமுக்குப் பின்னால் பல்லவி பாட வேண்டியவர் வரவில்லை. கண்ணாடித் தட்டு ஏந்தி வந்த இவள், "அந்தப் பாட்டு எனக்குத் தெரியும்" என்றாள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு வருவாள். மதாம் மூன்று சரணம் பாடினால் இவளுக்கு இரண்டு வரி.

கோஷ்டியில் யாருக்கும் அவள் பாட்டு பிடிக்கவில்லை. டிரம்பெட்காரர், "கொசு இதவிட சத்தமாப் பாடும்பா" என்பார். முசே, "அளவு தப்புது" என்பார். எனக்கும் எரிச்சல்தான். நான் போடும் அடியின் மேல் அவள் வந்து நிற்கவே மாட்டாள். அடி விழுந்து, அது போய்விட்டது என்று நினைக்கும்போது, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிதானமாக உள்ளே வருகிறவள் மாதிரி வந்து சேருவாள். ஒரு சொல்லின் நடுவே மூச்சு வாங்குவாள். வரியின் கடைசிச் சொல்லை முழுதாகச் சொல்லாமல் பாதியில் விட்டுவிடுவாள். மீதியை நாம்தான் மனசுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். பிரெஞ்சு வார்த்தைகளை அவள் உச்சரிப்பதைக் கேட்டு மதாம் கண்ணை மூடிக்கொள்வார்.

ஒரு ஞாயிறு வில்லியனூரில் ஒத்திகையின்போது, அவள் எங்கே தப்புகிறாள் என்று காட்டிக்கொடுப்பதற்காகவே நான் எண்ணிக்கொண்டு வந்தேன். வரிக்கு வரி தாமதம். ஆனால் ஒவ்வொரு முறையும் அதே அளவு தாமதம். நாலாவது சுற்றின் முடிவில் என் அடியும் அவள் சொல்லும் ஒரே புள்ளியில் விழுந்தன. திரும்பவும் எண்ணினேன். அதேதான். தாளம் அவளுக்குத் தெரியவில்லை என்று நாங்கள் நினைத்திருந்தோம். என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

இடைவேளையில் கேட்டேன். "எப்பிடி ரோசாலி அப்பிடி நிறுத்தி வர்ற?"

அவள் முதலில் நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்தாள். பிறகு சொன்னாள்: "இஸ்திரிப் பொட்டி சூடா இருக்கசொல்ல துணி மேல ஒடனே வெக்கக் கூடாதுண்ணே. செத்த வுட்டு வெக்கணும். இல்லன்னா தீஞ்சிடும்."

அதன் பிறகு அவள் பாடும்போது நான் கட்டையால் அடிப்பதை விட்டு, மெல்லிய கம்பிகளைக் கத்தையாகக் கட்டிய குச்சியால் தேய்க்க ஆரம்பித்தேன். பிரெஞ்சில் அதன் பெயர் 'பலே'. துடைப்பம் என்று அர்த்தம். பலே தேய்த்தால் அவள் குரல் இன்னும் இரண்டு வரிசை தள்ளிக் கேட்கும். அவளைப் பற்றி நல்லதாக நினைத்தவன் நான் ஒருவன்தான். அதை யாரிடமும் சொன்னதில்லை.

முப்பதுகளின் நடுவில், சென்னையிலிருந்து ஒரு ரெக்கார்டு கம்பெனி எங்கள் கோஷ்டியைப் பதிவு செய்ய வந்தது. டவுனில் கோயில் மணி, கப்பல் சங்கு, ரிக்‌ஷா மணி. ஆகவே பாகூரில் ஒரு நிலக்காரர் ஏரிக்கரைப் பக்கம் வைத்திருந்த தோட்ட வீட்டைக் கேட்டு வாங்கினார்கள். ரோசாலி மேனேஜர் வீட்டு அம்மாளிடம், ஊரில் அத்தைக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டு வந்தாள். நாலு மணிக்கு வீட்டில் டீ வைக்க அவள் இருக்க வேண்டும். அந்த வீட்டில் ஒரு தடவை தாமதம் என்றால் மறு தடவை கிடையாது. கம்பெனி ஏஜென்ட் தன் காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லியிருந்தார்.

எனக்கும் அன்று ஒரு கணக்கு இருந்தது. சர்க்கார் பாண்டில் மாதச் சம்பளத்துக்கு ஒரு டிரம் இடம் காலியாக இருந்தது. முசே சிபாரிசுக் கடிதம் எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தார். "பதிவு முடியட்டும். பாத்துட்டு எழுதறேன்" என்றார்.

பதிவு எப்படி நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். இன்று ஒரு பாட்டை நூறு முறை அழித்துப் பாடலாம். அன்று பாட்டு விழுந்தது மெழுகில். அம்மிக் கல் கனத்துக்கு, சோப்பு நிறத்தில், வட்டமான மெழுகுத் தட்டுகள். ஒரு டஜன் கொண்டுவந்திருந்தார்கள். பதமாக இருக்க அவற்றைச் சூடான பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். உயரமான முக்காலியிலிருந்து ஒரு ஈயக் குண்டு மெல்ல இறங்கும்; அந்த எடையில் தட்டு சுற்றும். ஊசி மெழுகை நூல் மாதிரி சீவிக்கொண்டே போகும். பதிந்ததைப் போட்டுக் கேட்கவும் முடியாது. கேட்டால் மெழுகு கெட்டுவிடும். ஒரு தும்மல் விழுந்தால் அந்தத் தட்டு போச்சு.

கம்பெனியின் வெள்ளைக்கார ரெக்கார்டு துரை பக்கத்து அறையில் கறுப்புத் துணிக்குப் பின்னால் காதில் கருவி மாட்டி உட்கார்ந்திருப்பார். எங்கள் அறையில் ஒரு சிவப்பு விளக்கு. மினுக்கினால் தயார். நின்று எரிந்தால் ஆரம்பம். அணைகிற வரைக்கும் மூச்சுகூட வாய் வழியாக விடக் கூடாது. ஜன்னல்களை மூடி ஈரச் சாக்கு தொங்கவிட்டிருந்தார்கள். விசிறி கிடையாது, செருப்பு கிடையாது. என் பெரிய டிரம்மைத் துரை வெளியே தூக்கி வைக்கச் சொல்லிவிட்டார். அதன் அடிக்கு ஊசி குதிக்கிறதாம். கரும்பு வெட்டுக் காலம். பாதையில் கரும்பு வண்டிகள் கிறீச்சிட்டுக்கொண்டே போகும். ஆகவே இரண்டு ஆட்களைக் கயிற்றோடு நிறுத்தி, விளக்கு எரியும்போது வண்டிகளை மறிக்க ஏற்பாடு. அந்த ஏற்பாடுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

காலையில் வாத்தியம் மட்டும் வாசித்த நாலு தட்டுகள் நன்றாகவே போயின. பிறகு மதாம் ஓர்தான்ஸ். துரை அவரை மைக்கிலிருந்து மூன்று அடி தள்ளி நிற்கச் சொன்னார். பிறகு ஆறு அடி. பிறகு சுவர் ஓரம். அப்போதும் அவர் உச்சிக்குப் போனதும் துரை துணியை விலக்கிக்கொண்டு வந்து தலையை ஆட்டுவார். ஒரு தட்டை மயில் கெடுத்தது. ஒரு தட்டை டிரம்பெட்காரரின் இருமல் கெடுத்தது. மதாம் பாடியதில் இரண்டு தட்டுதான் தேறியது; மதியம் இரண்டு மணிக்குள் பெட்டியில் ஒரே ஒரு மெழுகு மிச்சம். மதாமின் குரல் கம்மிவிட்டது. நாற்காலியில் சாய்ந்து கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். முசேயின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. காலையிலிருந்து எல்லோரையும் 'அவர்களே' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

துரை ஏஜென்டிடம் ஏதோ சொன்னார். ஏஜென்ட் எங்களைப் பார்த்து, "பின்னாடி ரெண்டு வரி பாடுதே, அந்தப் பொண்ண மைக்கு கிட்ட நிக்கச் சொல்றார்" என்றார்.

"அவளுக்குக் குரல் கிடையாது" என்றார் முசே.

ஏஜென்ட் துரையிடம் சொல்லி, பதிலைக் கொண்டுவந்தார். "அந்தக் குரல்தான் ஊசிக்கு நல்லா இருக்காம். காலையிலேருந்து அது ஒண்ணுதான் அவர் காதுக்குச் சுத்தமா வந்துச்சாம்."

 மதாம் ஓர்தான்ஸ்தான் கண்ணைத் திறக்காமல், "பாடட்டும் லெயோன். எனக்கு முடியல" என்றார்.

பாட்டு முசே அமைத்த ஒரு மெல்லிய ஃபாக்ஸ்டிராட். முதல் இரண்டு சரணம் பிரெஞ்சு. கம்பெனி இந்தப் பக்கத்து வாசனை கொஞ்சம் கேட்டதால், மூன்றாம் சரணம் தமிழில். அந்தத் தமிழ் ரோசாலியே இஸ்திரி மேஜையில் கட்டியது. மதாமுக்கு அது வாயில் வரவில்லை என்று அந்தச் சரணத்தை மட்டும் முன்பே அவளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். இப்போது மூன்றும் அவளுக்கு.

அவள் மைக் முன்னால் போய் நின்றாள். துரை வந்து அவள் தோளைத் தொடாமல் கையால் சைகை காட்டி, இன்னும் கிட்ட, இன்னும் கிட்ட என்று கூப்பிட்டார். கருவிக்கும் அவள் வாய்க்கும் நடுவே ஒரு கையகலம். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"மணி இன்னாண்ணே?"

"ரெண்டே முக்கா."

விளக்கு மினுக்கியது. முசே, "சிலான்ஸ்" என்று அமைதிக்குக் குரல் கொடுத்தார். சிவப்பு நின்று எரிந்தது.

நான் பலேயால் தேய்க்க ஆரம்பித்தேன். அவள் பாட்டுக்குள் வந்தாள். தகரப் புனல் இல்லாமல், மதாமின் குரலுக்குப் பின்னால் ஒளியாமல், அந்தக் குரலை அன்றுதான் நாங்கள் எல்லோரும் முதல் முறையாகக் கேட்டோம். பக்கத்தில் உட்கார்ந்து நமக்கு மட்டும் ஏதோ சொல்கிற மாதிரி இருந்தது. டிரம்பெட்காரர் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் சரணத்தின் நடுவில் வெளியே பேச்சுச் சத்தம் லேசாகக் கேட்டது. உடனே அடங்கியது. கதவு திறந்தது. சத்தமில்லாமல்தான் திறந்தது, கீலுக்குக் காலையில் எண்ணெய் போட்டிருந்தோம். வாசலில் ஒரு ஆள். இடுப்பில் துண்டு, உடம்பெல்லாம் கரும்புத் தூள், கையில் கரும்பு வெட்டும் அரிவாள்.

ரோசாலியின் அண்ணன் அந்தோணி. நான் ஒரே ஒரு முறை பூரணாங்குப்பத்துத் திருவிழாவில் பார்த்திருக்கிறேன். கயிறு கட்டி மறித்த வண்டிகளில் ஒன்று அவனுடையது. ஏன் மறிக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறான். உள்ளே வெள்ளைக்காரங்க பாட்டுப் பிடிக்கறாங்க, உங்க ஊர்ப் பொண்ணு ஒண்ணுதான் பாடுது என்று கயிற்றுக்காரன் சொல்லியிருக்கிறான். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது அரிவாள் மட்டும்தான்.

யாரும் அசைய முடியாது. விளக்கு எரிகிறது. கடைசி மெழுகு சுற்றுகிறது. எழுந்து போய் அவனைத் தடுத்தால் நாற்காலி கிறீச்சிடும். தடுக்காவிட்டால் அவன் நாலு எட்டில் அவளிடம் வந்துவிடுவான். முசேயின் வலது கை தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. கண் மட்டும் வாசலில். துரைக்கு ஒன்றும் தெரியாது, அவர் துணிக்குப் பின்னால் இருந்தார். ரோசாலி கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் சரணம் முடிந்தது. மூன்றாம் சரணத்துக்கு முன்னால் நாலு எண்ணிக்கை பலே மட்டும். அந்த இடத்தில் அவன், "ரோசாலி" என்றான்.

கத்தவில்லை. வீட்டுக்குள் இருக்கிற ஒருத்தியை வாசலில் நின்று கூப்பிடுவது மாதிரி.

அவள் கண்ணைத் திறந்தாள். அவனைப் பார்த்தாள். அரிவாளையும் பார்த்தாள். அவள் வர வேண்டிய இடம் வந்தது. அவள் வரவில்லை. வழக்கமான தாமதம் எனக்குத் தெரியும், அதுவும் கடந்தது. முசேயின் கை அடுத்த சுற்றுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. நான் அவரோடு போனால் அவள் அந்தரத்தில் நிற்பாள். தாளம் யாருக்காகவும் நிற்காது என்று அந்த மனிதரிடம் உமி மூட்டையில் படித்தவன் நான். சிபாரிசுக் கடிதம் அவர் கையில்.

நான் பலேயைத் தோலிலிருந்து தூக்கிவிட்டேன்.

எத்தனை நொடி என்று எனக்குத் தெரியாது. அறையில் எந்தச் சத்தமும் இல்லை. மெழுகில் வெறுமை பதிந்துகொண்டிருந்தது. டிரம்பெட்காரர் வாயைப் பிளந்து என்னைப் பார்த்தார். முசேயின் கை காற்றில் நின்றது. பிறகு அவள் அண்ணனைப் பார்த்துக்கொண்டே பாடினாள்.

மழை வரும் போல இருக்கு,
மாடியில துணி கெடக்கு,
எடுத்து வைக்க ஆளில்ல,
எனக்கும் போக மனசில்ல.

முதல் சொல்லோடு நான் பலேயை வைத்தேன். அவளோடு போனேன். முசேயின் கை எங்கள் இருவருக்கும் பின்னால் வந்து சேர்ந்தது. கடைசிச் சொல்லை அவள் பாதியில்தான் விட்டாள்.

விளக்கு அணைந்தது. துரை துணியை விலக்கிக்கொண்டு பாய்ந்து வந்தார். நடுவில் ஒரு ஆண் குரல் கேட்டதே, அது என்ன என்று அவருக்காக ஏஜென்ட் கேட்டார். துரைக்கு அப்போதுதான் வாசலில் நிற்பவனும் அரிவாளும் கண்ணில் பட்டன. ஒரு எட்டு பின்னால் வைத்தார்.

முசே லெயோன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "பாட்டுல இருக்கறதுதான். அந்த நிறுத்தமும் பாட்டுல இருக்கறதுதான்" என்றார். 

அந்தோணி உள்ளே வந்தான். "யாரக் கேட்டு இங்க வந்த?"

"யாரயும் கேக்கல. நானாத்தான் வந்தேன்" என்றாள் ரோசாலி.

"அத்தைக்கு ஒடம்பு சரியில்லன்னு சொன்னியாமே அந்தம்மா கிட்ட? கயித்துக்காரன் வரைக்கும் தெரிஞ்சிருக்கு. அத்த காலையிலதான்டி களை எடுக்கப் போச்சு. நானே போயி அந்தம்மா கிட்ட சொல்றேன், பாரு."

"போயி சொல்லு. சம்பளம் நின்னா வூட்ல யாரு அரிசி வாங்கறது, நீயா?"  அவள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. "மணி மூணு ஆவுதுண்ணா. நான் போவணும். வழிய வுடு."

அவன் அரிவாளை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். நான் எழுந்து நின்றேன். எழுந்து என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. அவன் என்னைப் பார்த்தான், முசேயைப் பார்த்தான், அந்த மைக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கதவை விட்டு விலகினான். அவள் ஓடிப்போய்க் காரில் ஏறினாள்.

இப்போது சொல்ல வேண்டியது வருகிறது.

காரை அனுப்பிவிட்டு ஏஜென்ட் மேஜையில் உட்கார்ந்து படிவம் நிரப்பினார். தட்டுக்கு ஒரு வரி. என்ன பாட்டு, யார் வாசித்தது, யார் பாடியது. கடைசித் தட்டுக்கு வந்து, "பாடின பொண்ணு பேரு?" என்றார்.

முசே, "கோஷ்டி பேரு மட்டும் போதும். 'பாட்டுடன்'னு எழுதுங்க" என்றார். அதில் சதி எதுவும் இல்லை. அந்தக் காலத்து நடன இசைத்தட்டுகளில் அப்படித்தான் போடுவார்கள். ஆனால் மதாம் பாடிய தட்டுகளுக்கு மதாமின் பெயர் எழுதியாயிற்று. அது எங்கள் எல்லோருக்கும் எதிரிலேயே நடந்தது.

ஏஜென்ட் பேனாவை நிறுத்தி எங்களைப் பார்த்தார். "நாளைக்குக் காலையில டவுன்ல இருந்துதான் கெளம்பறேன். ஏதாச்சும் மாத்தணும்னா அதுக்குள்ள சொல்லுங்க."

முசே என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பலேயை உறையில் போட்டுக்கொண்டிருந்தேன். தொடர்ந்து அதையே செய்தேன். அன்று மாலை அவர் சிபாரிசுக் கடிதத்தை எழுதி என் கையில் கொடுத்தார். "நிறுத்தினியே, அது சரி" என்றார். 'அவர்களே' இல்லை. அடுத்த மாதம் எனக்கு வேலை கிடைத்தது. அந்த வேலையில்தான் என் பிள்ளைகள் படித்தார்கள்.

தட்டு சில மாதம் கழித்து வந்தது. யாரும் பெரிதாக வாங்கவில்லை. பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கு மூன்றாம் சரணம் பிடிக்கவில்லை, தமிழ்க்காரர்களுக்கு முதல் இரண்டு சரணமும் பிடிக்கவில்லை. பாகூரில் ஒரு டீக்கடைக்காரர் மட்டும் ஒன்று வாங்கி வைத்திருந்தார். அங்கே நான் கேட்டேன். பலே நின்ற இடத்தில் ஊசியின் இரைச்சல் மட்டும் வருகிறது. அதற்கு முன்னால் அந்தோணி தங்கையைக் கூப்பிடுவது தெளிவாகக் கேட்கிறது. காகிதத்தில் போடாத பெயர் அங்கே இருக்கிறது. அந்தோணி மேனேஜர் வீட்டு அம்மாளிடம் போய்ச் சொல்லவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு அந்தக் கடைக்கு வந்து, "என் கொரல் வர்ற பாட்ட போடு" என்று கேட்பானாம். கடைக்காரர் சொன்னார்.

ரோசாலியை அதன் பிறகு கோஷ்டியில் பார்க்கவில்லை. யுத்தம் வந்தது, விருந்துகள் நின்றன, முசே காலமானார். அவள் கல்யாணமாகிப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். அந்த மாலை நான் ஏன் ஏஜென்டிடம் போய்ப் பெயரைச் சொல்லவில்லை என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல ஒரு பதில் வைத்திருந்தேன். பெயர் அச்சில் வந்திருந்தால் மேனேஜர் வீட்டில் பொய் தெரிந்திருக்கும், வேலை போயிருக்கும், அவளைக் காப்பாற்றத்தான் சும்மா இருந்தேன். இந்தப் பதிலை நான் வருஷக்கணக்கில் தேய்த்து மடித்து வைத்திருந்தேன்.

நான் ஓய்வு பெற்ற வருஷம், கிருமாம்பாக்கத்தில் கடலூர் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களில் ஒரு அம்மாளை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. அவள்தான் முதலில், "முருகேசண்ணன் தானே?" என்றாள். குரல் அப்படியே இருந்தது. மகள் கடலூரில் இருக்கிறாளாம், அங்கே போகிறாளாம். அண்ணன் செத்து நாலு வருஷமாம். பேசிக்கொண்டே இருந்தோம்.  கடைசியில் அந்தப் படிவத்தைப் பற்றிச் சொன்னேன். என் பதிலையும் சேர்த்தே சொன்னேன்.

அவள் சாலையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வேல போயிருக்கும்ன்றது நெசந்தான். அந்தம்மா ஒரு நொடி வெச்சிருக்க மாட்டா."

"அதான் ரோசாலி..."

"நான் எங்க இருந்தேன்னு உனக்குத் தெரியும். சைக்கிள்ல வந்தா ஒரு மணி நேரம். மறுநா காலம்பற வரைக்கும் நேரம் இருந்துதுன்ற. நீ வந்து ஒரு வார்த்த கேக்கல."

 கடலூர் பஸ் வந்து நின்றது. அவள் பையை வாங்கிப் படியில் வைத்தேன். ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்தாள். நான் கீழே நின்று கேட்டேன்: "வந்து கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்ப?"

பஸ் கிளம்பியது. அவள் உடனே பதில் சொல்லவில்லை. வண்டி நகர்ந்து, இனி சொல்ல மாட்டாள் என்று நான் நினைத்த பிறகு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"போடச் சொல்லியிருப்பேண்ணே" என்றாள்.